கொல்லிப்பாவையும் புகையுணர் கருவியும்

முன்னுரை

கொல்லிமலை என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் தோன்றுதல் இயல்பு. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகை நூல்கள் இப்பாவையைத் தலைவியின் எழிலுக்கு உவமையாக்கிப் பேசுகின்றன. காற்றும் மழையும் இடியும் தாக்கினும் தன் வடிவு கெடாதது அப்பாவை என்பது புலவர் கருத்து. இதனையொட்டி வழங்கும் பழங்கதை ஒன்று உண்டு. மலையில் உறையும் முனிவர்க்குத் தீங்கு செய்ய வரும் அரக்கரின் வாடை பட்ட அளவிலே இப்பாவை தானே நகைக்கும். அந்நகையில் மயங்கி வந்தோர் மாய்வர் என்பது அக்கதை.

கதையின் உண்மை பொய்மை ஒருபுறம் நிற்க, அதிலுள்ள எண்ணம் வியப்புக்குரியது. பகை கண்ணுக்குத் தெரியுமுன்பே, காற்றில் கலந்து வரும் வாடையைக் கொண்டு அதனை அறியும் காவற்பொறி ஒன்றை நம் முன்னோர் கற்பனை செய்தனர். இக்கற்பனைக்கு மிக நெருங்கிய ஒரு பொறி இன்று நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் தொலைபேசி நிலையங்களிலும் கணினி மையங்களிலும் காவல் புரிகின்றது. அறையின் காற்றைக் குழாய்வழி உறிஞ்சி ஆராய்ந்து, தீ மூளும் முன்பே புகையை அறியும் கருவி அது. அக்கருவி இயங்கும் முறை, அதற்கு நேரும் கோளாறுகள், அவற்றைக் கண்டறிந்து நீக்கும் வழிகள் ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மலையும் புகையும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மலைமேல் செல்லுதல் வேண்டும். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் மிளகும் காப்பியும் விளைத்து அங்கு வாழ்கின்றனர்.

பங்குனி மாதத்தில் ஒருமுறை மாணவர்களுடன் நாங்கள் அம்மலைக்குச் சென்றிருந்தோம். வளைவுகளில் பேருந்து ஏறிக்கொண்டிருந்தபோது எதிர்ச்சரிவில் நீலம் கலந்த வெண்படலம் ஒன்று தெரிந்தது. மாணவர் சிலர் அதனை மூடுபனி என்றனர். அருகில் அமர்ந்திருந்த மலைவாழ் முதியவர் ஒருவர் மூக்கைச் சற்றே உயர்த்தி, "பனி இல்லீங்க ஐயா, சருகு எரியுது" என்றார். எங்கள் கண்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. அவருடைய மூக்கு வேறுபாட்டை அறிந்தது. பனியையும் புகையையும் பிரித்தறிதல் எத்துணை அருமையானது என்பதை அன்றே உணர்ந்தோம். இக்கட்டுரைக்கு வித்திட்டதும் அந்நிகழ்ச்சியே.

திறந்த வெளியில் எழும் காட்டுத்தீயை அறிய வேட்டைத் தடுப்புக் காவலர்களின் கண்ணும், இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழி அனுப்பும் எச்சரிக்கையும் துணை நிற்கின்றன. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேற்றத்திற்குச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கி மாண்ட துயரத்திற்குப்பின் இவ்வெச்சரிக்கைகளின் இன்றியமையாமை அனைவருக்கும் விளங்கிற்று. ஆயின், நான்கு சுவர்களுக்குள்ளே பூட்டிய அறையில், இரவில், ஒரு மின்கம்பியின் மேலுறை கருகத் தொடங்கினால் அதனைக் காண்பவர் யார்? அங்குதான் நாம் கூறவந்த கருவி வேண்டப்படுகின்றது.

ஏடுகளின் பகை

தமிழ் நூல்களுக்கு நீரும் கறையானும் பகை. அவற்றினும் கொடிய பகை தீ. அரிய ஏடுகள் ஆற்றிலும் தீயிலும் இடப்பட்டு மறைந்த செய்தியை டாக்டர் உ.வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அது மனிதர் வேண்டுமென்றே இட்ட தீ. எந்தக் கருவியும் அதனைத் தடுத்திருக்க இயலாது. ஆயினும் எரிந்த ஏடு மீளாது என்ற உண்மையை அதனினும் வலிமையாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை.

சென்னையில் 1975-ஆம் ஆண்டு அண்ணா சாலையிலுள்ள ஆயுள் காப்பீட்டுக் கழகக் கட்டடம் தீப்பற்றியது. 2012-ஆம் ஆண்டு சனவரியில் சேப்பாக்கத்துக் கலச மகாலில் மூண்ட தீயில் அரசு அலுவலக ஆவணங்கள் அழிந்தன. தீயணைப்புத் துறையினர் ஒருவர் உயிர் நீத்தார். 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதுதில்லித் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்து போயிற்று. தீ பெரிதான பின் அதனை அணைத்தல் அரிது. அணைப்பதற்குப் பாய்ச்சும் நீரே எஞ்சிய தாள்களைக் கெடுத்துவிடும். ஆகவே நூலகத்தைப் பொறுத்தவரை, தீயை அணைத்தலினும் தீயாகுமுன் புகையை அறிதலே தலையாய காவலாகும். வருமுன் காவாதவனுடைய வாழ்க்கையை நெருப்பின்முன் வைத்த வைக்கோற்போருக்கு வள்ளுவப் பெருந்தகை ஒப்பிட்டது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

காட்டுப்புகை ஆய்வில் பிறந்த கருவி

இக்கருவியின் பிறப்பு வரலாறு சுவையானது. 1970-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலிய நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் அறிவியல் ஆய்வு நிறுவனம் காட்டுத்தீயை ஆராய்ந்து வந்தது. காற்றில் கலந்துள்ள நுண்துகள்களை ஒளிச்சிதறல் மூலம் அளக்கும் நெஃபலோமீட்டர் என்னும் கருவியை அவ்வாய்வுக்குப் பயன்படுத்தினர். அக்காலத்தில் அந்நாட்டின் தொலைபேசி நிலையங்களைப் பேணிய அஞ்சல் துறை, மின்கம்பிகளில் எழும் தீயால் தொலைபேசிச் சேவை அறுபடாமல் காப்பது எவ்வாறு என்று அவ்விஞ்ஞானிகளை வினவியது. மெல்பர்ன் நகரில் ஒரு பெரிய நிலையத்தில் அன்று கிடைத்த பலவகை உணர்கருவிகளையும் வைத்துச் சோதித்தனர். அவற்றுள் எதுவும் போதிய அளவு விரைவாகப் புகையை அறியவில்லை. புகையை அளப்பதற்காகக் கொண்டுவந்த நெஃபலோமீட்டரோ பிற கருவிகளினும் நுட்பமாக அதனை அறிந்தது. அளவுகோலாக வந்த கருவியையே காவலாளாக்கினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. காற்றை உறிஞ்சி ஆராயும் புகையுணர் கருவி இவ்வாறு தோன்றியது. மலைக்காட்டின் புகையை அளக்கச் சென்ற பொறி நகரத்துக் கட்டடத்திற்குக் காவலாகியது.

கருவி இயங்கும் முறை

கூரையில் பொருத்தப்படும் சாதாரணப் புகையுணர் கருவி, புகை தன்னிடம் வரும்வரை காத்திருக்கும். காற்றுறிஞ்சும் கருவியோ புகையைத் தேடிச் செல்லும். இதன் உறுப்புகள் ஐந்து எனலாம்.

முதலாவது, கூரையை ஒட்டிச் செல்லும் பிளாஸ்டிக் குழாய். இதில் குறிப்பிட்ட இடைவெளிகளில் சில மில்லிமீட்டர் அளவுள்ள துளைகள் இடப்பட்டிருக்கும். இரண்டாவது, இடைவிடாது சுழன்று அத்துளைகளின் வழியே அறைக்காற்றை இழுக்கும் விசிறி. மூன்றாவது, தூசியைத் தடுத்துப் புகையின் நுண்துகளை மட்டும் விடும் வடிகட்டி. நான்காவது, ஆய்வறை, இதனுள் லேசர் ஒளிக்கற்றை பாயும். தூய காற்றில் ஒளி நேரே செல்லும். புகைத்துகள் இருந்தால் சிதறும். சிதறிய ஒளியை ஓர் உணரி அளக்கும். ஐந்தாவது, அவ்வளவைக் கணக்கிட்டு எச்சரிக்கை எழுப்பும் மின்னணுப் பகுதி.

ஒரு மீட்டர் தொலைவுள்ள காற்று, தன் வழியே செல்லும் ஒளியில் எத்தனை விழுக்காட்டை மறைக்கின்றது என்பதே புகையின் அளவு. இவ்வகைக் கருவிகளுள் நுட்பமானவை மீட்டருக்கு 0.005 விழுக்காடு என்னும் மிகச் சிறிய மறைப்பையும் அறிய வல்லவை. பொதுவாக எச்சரிக்கை நான்கு படிகளாக அமைக்கப்படும்: கவனம், நடவடிக்கை, தீ முதல் நிலை, தீ இரண்டாம் நிலை. முதற்படியில் காவலர் சென்று பார்த்தல் போதும். இறுதிப்படியில் கட்டடத்தை விட்டு வெளியேறுதல் வேண்டும். இப்படிநிலைகளே இக்கருவியின் பெருஞ்சிறப்பாகும். மனிதன் சிந்தித்துச் செயலாற்றுவதற்கு அது காலம் தருகின்றது.

கோளாறுகளும் தீர்வுகளும்

நுட்பம் மிகுந்த காவலனுக்குத் தொல்லைகளும் மிகுதி. கொல்லிமலை போன்றதோர் உயர்ந்த இடத்தில், சுவடிகள் வைத்துள்ள சிறு நூலகம் ஒன்றில் இக்கருவியை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். மார்கழியில் மூடுபனி, பங்குனி, சித்திரையில் காட்டுப்புகை, ஆடியில் தூசி கிளப்பும் பெருங்காற்று, ஆண்டு முழுதும் விறகடுப்பின் புகை. அக்கருவிக்கு நேரக்கூடிய இடர்கள் எல்லாம் அங்கு ஒருங்கே நேரும். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. காற்றோட்டக் குறைவு

கருவி எழுப்பும் குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. துளைகளில் தூசி படிதல், சிலந்தி வலை பின்னுதல், குளவி மண்ணால் அடைத்தல், வடிகட்டி நிறைதல், விசிறி தளர்தல் ஆகியவை இதன் காரணங்கள். மனிதனுக்கு மூக்கடைப்பு எவ்வாறோ, கருவிக்கு இது அவ்வாறு.

இதனை நீக்கும் முறையில் வரிசை முக்கியம். முதலில் எச்சரிக்கை மணிக்குச் செல்லும் இணைப்பை உரியவரிடம் தெரிவித்துத் தற்காலிகமாக விலக்குதல் வேண்டும். பின்னர் குழாயைக் கருவியிலிருந்து கழற்றுதல் வேண்டும். அதன் பின்னரே அழுத்தக் காற்றைக் குழாயினுள் செலுத்தித் தூசியை வெளியேற்றலாம். குழாயைக் கழற்றாமல் காற்றைச் செலுத்தினால் அவ்வளவு தூசியும் ஆய்வறைக்குள் புகுந்து கருவியையே கெடுத்துவிடும். குழாயைத் தூய்மை செய்தபின் ஒவ்வொரு துளையையும் மென்தூரிகையால் துடைத்தல் நன்று. துளையைக் கூர்மையான கம்பியால் குடைந்து பெரிதாக்குதல் கூடாது. துளையின் அளவு கணக்கிட்டு இடப்பட்டதாகும்.

2. காற்றோட்ட மிகுதி

மூச்சு அடைத்தால் கவலைப்படும் நாம், மூச்சு எளிதாக வந்தால் மகிழ்வோம். இக்கருவியைப் பொறுத்தவரை அம்மகிழ்ச்சி தவறு. குழாயின் ஒரு மூட்டு கழன்றாலும், இறுதி மூடி விழுந்தாலும், விசிறி அவ்விடத்திலிருந்தே காற்றை எளிதாக இழுத்துக்கொள்ளும். அதற்கு அப்பாலுள்ள துளைகளில் காற்று நுழையாது. கருவி சுழன்றுகொண்டே இருக்கும், விளக்கும் எரியும், ஆயின் அறையின் பாதிக்குக் காவல் இல்லை. ஆகவே மிகுதி என்ற குறிப்பைக் குறைவினும் கொடியதாகக் கருதுதல் வேண்டும். காற்றோட்டம் இயல்பிலிருந்து 20 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் கருவி குறை காட்டுதல் வேண்டும் என்பது இ.என். 54-20 என்னும் ஐரோப்பியத் தரநிலை.

குளிரூட்டும் பொறியையோ மின்கம்பியையோ பழுதுபார்க்கக் கூரைமேல் ஏறுவோர் குழாயை இடித்துவிடுதல் வழக்கமாக நேர்வது. கூரையில் எவ்வேலை நடந்தாலும் அதன்பின் குழாயை முழுவதும் ஒருமுறை பார்வையிடுதல் வேண்டும்.

3. கோளாற்றையே இயல்பாகக் கொள்ளுதல்

இக்கருவி தனக்குரிய காற்றோட்டத்தின் இயல்பான அளவைத் தானே பதிந்துகொள்ளும். புதிதாக நிறுவும்போதும், வடிகட்டி மாற்றியபோதும் அவ்வளவைப் புதுப்பிப்பர். இங்குதான் ஒரு பெருந்தவறு நிகழ்கின்றது. குறை காட்டும் விளக்கு எரிந்தவுடன், காரணம் தேடாமல், இயல்பளவைப் புதிதாகப் பதியுமாறு பொத்தானை அழுத்திவிடுகின்றனர். விளக்கு அணைந்துவிடும். ஆயின் உடைந்த குழாயின் காற்றோட்டமே இயல்பு என்று கருவி கற்றுக்கொண்டுவிடும். அதன்பின் அக்குறையை அது ஒருபோதும் சுட்டாது. நோயையே உடல்நலம் என்று எழுதிவைக்கும் மருத்துவரை ஒத்தது இச்செயல். குழாய், துளை, வடிகட்டி மூன்றும் செம்மையாக உள்ளன என்பதைக் கண்ணால் கண்டபின்னரே இயல்பளவைப் பதிதல் வேண்டும்.

4. பொய் எச்சரிக்கை

புலி வருகிறது என்று பலமுறை பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். பொய் எச்சரிக்கையின் தீமை ஒலியோடு நிற்பதில்லை. மெய்யான எச்சரிக்கையையும் மக்கள் நம்பாது போவதே அதனால் விளையும் பெருந்தீமையாகும். சாம்பிராணிப் புகை, சமையற்புகை, சுவர் தேய்க்கும் தூசி, டீசல் மின்னாக்கியின் கழிவு, பூச்சி மருந்து, வெந்நீரின் ஆவி, வெளியில் எரியும் சருகு ஆகியவை பொய் எச்சரிக்கைக்குரிய பொதுவான காரணங்கள்.

கருவியின் நுட்பத்தை உடனே குறைத்துவிடுதல் எளிய வழி. ஆயின் அது தீர்வாகாது. கருவியின் நினைவில் நாள், நேரம், புகையளவு ஆகியன பதிவாகியிருக்கும். அப்பதிவைப் படித்தால் காரணம் பெரும்பாலும் தானே விளங்கும். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அளவு உயர்ந்தால் அடுப்பையோ பனியையோ ஐயுறலாம். வெள்ளிதோறும் உயர்ந்தால் அன்று அங்கு நிகழும் புழக்கத்தை நோக்கலாம். பங்குனியில் மட்டும் உயர்ந்தால் வெளிப்புகை எனக் கொள்ளலாம்.

வெளிப்புகை மிகுந்த இடங்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. கட்டடத்தினுள் வெளிக்காற்று நுழையும் வாயிலில் மற்றொரு கருவியை வைத்து, அதன் அளவை உள்ளிருக்கும் கருவியின் அளவிலிருந்து கழித்துக் கணக்கிடுவதே அது. உள்ளே மட்டும் உயரும் புகையே நமக்குரிய பகை. அம்மலை முதியவர் தம் மூக்கினால் செய்த பகுத்தறிதலைக் கருவி இவ்வாறு கணக்கினால் செய்கின்றது. வேலை நடக்கும் பகலுக்கு ஓரளவும், ஆளில்லாத இரவுக்கு அதனினும் நுட்பமான ஓரளவும் வைத்தலும் பயன் தரும்.

5. பனியும் ஈரமும்

நீர்த்திவலையும் ஒளியைச் சிதறச் செய்யும். ஆதலால் மூடுபனியைப் புகை என்று கருவி மயங்குதல் உண்டு. ஈரமுள்ள வெங்காற்று குளிர்ந்த குழாயினுள் நுழையும்போது நீராக மாறிக் குழாயில் தேங்கும்; சில வேளை ஆய்வறைக்கும் சென்றுவிடும். இதனைத் தடுக்கக் குழாயைக் கருவியிலிருந்து அப்பாற் சரிவாக அமைத்தல், தாழ்ந்த இடத்தில் நீர் பிரிக்கும் பொறியை வைத்தல், குளிரிடத்தைக் கடக்கும் குழாய்க்கு வெப்பக் காப்புறை இடுதல் ஆகியவற்றைச் செய்யலாம். மழைக்காலத்தில் நீர்ப்பொறியை அடிக்கடி திறந்து வடித்தல் வேண்டும். சன்னல் மூடிய அறையில் பனி நுழையாது. எனவே கருவியைத் திருத்துமுன் சன்னலைத் திருத்துதல் அறிவுடைமை.

6. காலம் தாழ்த்தல்

தொலைவிலுள்ள கடைசித் துளையில் நுழைந்த புகை கருவியை அடையச் சில வினாடிகள் ஆகும். இது 120 வினாடிக்கு மேற்படலாகாது என அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 விதி வரையறுக்கின்றது. ஆண்டுக்கொரு முறையேனும் கடைசித் துளையில் சோதனைப் புகையைக் காட்டிக் கடிகாரத்தால் நேரம் அளத்தல் வேண்டும். நிறுவிய நாளில் குறித்த நேரத்தினும் மிகுந்தால் குழாயில் அடைப்போ கசிவோ உண்டு.

குழாய் நன்றாக இருந்தும் புகை அகப்படாமல் போவதற்கு வேறு காரணங்களும் உள. குளிரூட்டும் பொறியின் காற்று புகையை நீர்க்கச் செய்யலாம். அவ்விடங்களில் காற்று திரும்பிச் செல்லும் வாயிலருகே துளை அமைத்தல் நன்று. கருவி ஓர் அறையிலும் குழாய் வேறு அறையிலும் இருந்து, இரண்டின் காற்றழுத்தமும் வேறுபட்டால் உறிஞ்சுதல் தடுமாறும். கருவி வெளியேற்றும் காற்றை மீண்டும் காவலுக்குரிய அறைக்கே குழாய்வழி திருப்பினால் இக்குறை நீங்கும்.

சோதனை செய்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. பி.வி.சி. உறையிட்ட கம்பியைச் சூடாக்கிப் புகை எழுப்பும் சோதனை ஒன்று வழக்கில் உள்ளது. அப்புகையில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கலந்திருக்கும். சுவடிகளும் பழந்தாள்களும் உள்ள அறையில் அதனைச் செய்தல் கூடாது. நூல்களைக் காக்கவந்த சோதனையே நூல்களுக்குக் கேடாகலாகாது.

7. மின்சாரமும் மணியும்

மலைப்பகுதிகளில் மின்தடையும் இடியும் மிகுதி. மின்சாரம் நின்றபோது துணை நிற்கும் பேட்டரி காலத்தால் வலுவிழக்கும். மின்னளவியால் அளந்தால் நிறைந்ததுபோல் காட்டி, சுமை ஏறியவுடன் சரியும். எனவே மின்சாரத்தை நிறுத்திக் கருவியை உண்மையில் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தலே தேர்வு. இடித்தாக்கிலிருந்து காக்க நல்ல புவித்தொடுப்பு வேண்டும்.

மற்றொன்று: கருவி புகையை அறிந்தும் மணி ஒலிக்காமை. இரண்டுக்கும் இடையிலுள்ள கம்பி அறுந்திருப்பினும், பழுதுபார்க்க விலக்கிய இணைப்பை மீண்டும் சேர்க்க மறந்திருப்பினும் இது நேரும். ஆகவே சோதனை என்பது கருவியின் விளக்கோடு முடிவதன்று. காவலரின் காதில் மணி ஒலித்தபின்னரே அது முடியும்.

நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சி

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்கும் செய்திகள் அல்ல என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் பொருந்தும். நாங்கள் அறிந்த ஒரு நூலகத்தில் இத்தகைய கருவி இருந்தது. ஒரு மாத காலம் அது மாலை நான்கு மணியளவில் அடிக்கடி ஒலித்தது. ஓடிச்சென்று பார்த்தால் புகையில்லை, தீயில்லை. வாசகர் முகம் சுளித்தனர். முடிவில் ஊழியர் அதனை நிறுத்திவைத்தனர். இரண்டு வாரம் கழிந்தபின் ஒரு மாலையில், நூல்களை அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் ஒருவர் கருகல் வாடையை உணர்ந்தார். குழல் விளக்கின் சோக்கு கருகிக்கொண்டிருந்தது. அதன் கீழேயே பழைய இதழ்களின் கட்டுகள் இருந்தன. இன்னும் அரைமணி கழிந்திருந்தால் அறை பூட்டப்பட்டிருக்கும்.

மறுநாள் தொழில்நுட்பர் வந்து ஆராய்ந்தார். போலிக்கூரைக்கு மேல் குழாயின் ஒரு மூட்டு கழன்றிருந்தது. அவ்விடம் அடுத்த அறையில் தேநீர் காய்ச்சும் இடத்தின் ஆவி வந்து சேரும் இடம். மாலை நான்கு மணிக்கு ஏன் ஒலித்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று. கருவியின் பதிவைத் திறந்தபோது, காற்றோட்டம் மிகுதி என்ற குறிப்பு முதல் பொய் எச்சரிக்கைக்கு முந்திய நாளிலிருந்தே அதில் இருந்தது. எவரும் அதனைப் படிக்கவில்லை. கருவி பொய் கூறவில்லை. தன் உடலில் காயம் உண்டு என்று அது நாள்தோறும் முறையிட்டது. சிறிதளவு பசையால் முடிய வேண்டிய வேலை, ஒரு நூலகத்தையே விலையாகக் கேட்டிருக்கும். பொறுப்பு ஊழியருடையது மட்டுமன்று; கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் மொழியை எவர்க்கும் கற்பிக்காது விட்ட நம் போன்றோருடையதும் ஆகும்.

ஆராயும் வரிசை

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் பின்வரும் ஒழுங்கு கிடைக்கும். எச்சரிக்கை எழுந்தவுடன் முதலில் அது மெய்த்தீ என்றே கொண்டு அறையைப் பார்த்தல், ஆள்களை அப்புறப்படுத்தல், தீ உளதாயின் 101 என்ற எண்ணிற்குத் தெரிவித்தல். தீ இல்லை என்று உறுதியானபின், பொத்தானை அழுத்துமுன் கருவி காட்டும் சொற்களைத் தாளில் எழுதிக்கொள்ளல். மூன்றாவதாக, பதிவைப் படித்து நாளையும் நேரத்தையும் ஒப்பிடல். நான்காவதாக, குழாயை முதலிலிருந்து இறுதி மூடிவரை கண்ணால் பார்த்தல். ஐந்தாவதாக, துளையும் வடிகட்டியும் நோக்கல். ஆறாவதாக, மின்சாரமும் பேட்டரியும் தேர்தல். இறுதியாக, கடைசித் துளையில் புகை காட்டி மணி ஒலிக்கக் கேட்டல். ஆய்வறையைத் திறத்தல் நம் வேலையன்று. பயிற்சி பெற்றோர்க்கே அதனை விடுதல் வேண்டும். நம் நாட்டில் இத்தகைய கருவிகளை அமைத்தலும் பேணலும் பற்றி ஐ.எஸ். 2189 என்னும் இந்தியத் தரநிலை வழிகாட்டுகின்றது. கருவியின் அருகே ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிட்டு, நிகழ்ந்தனவற்றையெல்லாம் தமிழில் எழுதிவருதல் எல்லாவற்றினும் பயனுடையது.

முடிவுரை

விலை மிகுந்த இக்கருவி எல்லா நூலகத்திற்கும் கிட்டுவதன்று. நம் ஊர்களில் தனியார் இல்லங்களில் அரபுத் தமிழ்க் கையெழுத்து ஏடுகள் இருக்கின்றன. ஜமாஅத்துகளில் பழைய திருமணப் பதிவேடுகளும் வக்ஃபு ஆவணங்களும் இருக்கின்றன. அவற்றிற்கு இரும்புப் பேழையும், பழுதற்ற மின்கம்பியும், இரவில் அணைக்கும் முதன்மை மின்விசையும், கூரையில் ஒரு சாதாரணப் புகையுணர் கருவியும் இருந்தாலே பெருங்காவல் ஆகும். பெரியோர்கள் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். மாணவர்கள் தம் நூலகத்தின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து நோக்குதல் வேண்டும். அங்குள்ள கருவி யாது, அது இறுதியாக எந்நாள் சோதிக்கப்பட்டது என வினவுதல் வேண்டும்.

கொல்லிப்பாவைக்கு வாடையை உணரும் ஆற்றல் உண்டு, பராமரிப்புத் தேவையில்லை. தெய்வம் செய்த பாவைக்கு அது பொருந்தும். மனிதன் செய்த பாவைக்குத் துளையில் சிலந்தி கூடு கட்டும், மூட்டுக் கழலும், பேட்டரி தளரும். அதனைக் காக்க மனிதனே வேண்டும். நம்மைக் காக்கும் காவலனை நாம் காத்தால், நம் முன்னோர் எழுதிவைத்தவற்றை நம் பின்னோரும் படிப்பர்.